பக்கத்துச் சீட்டில இருக்கிறவளின்ர பாடு

கார் ஓடப் பழக்கிறது எண்டால் வேற ஒண்டுமில்லை, உங்கட உயிரை இன்னொராளின்ர கையில குடுத்துப்போட்டு, அந்தக் கை நடுங்குதெண்டு நீங்களே அதுக்கு ஆறுதலும் சொல்லுற வேலை.

நான் இருக்கிறது கொட்டாஞ்சேனை. வேலை வெள்ளவத்தையில, கார் ஓடப் பழக்கிற ஒரு சின்ன லேனர்ஸில. பொம்பிளையள் கனபேர் பொம்பிளை பழக்கினால்தான் வருவம் எண்டு நிப்பினம், அதால எனக்கு வேலைக்குக் குறைவில்லை. காரின்ர தலையில எல் போர்ட். வலப்பக்கம் பழக வந்த ஆள், இடப்பக்கம் நான். என்ர காலடியிலயும் ஒரு பிரேக்கும் ஒரு கிளச்சும் பூட்டிக் கிடக்கு. ஸ்டியரிங் மட்டும் இல்லை. அதாவது காரை நிப்பாட்ட எனக்கு உரிமை இருக்கு, திருப்ப உரிமை இல்லை. கலியாணம் கட்டின பொம்பிளையளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

காலி வீதியில பின்னேரம் நிண்டு வெந்த ஆக்களுக்கும் விளக்கம் தேவையில்லை. உங்களுக்கு முன்னால ஊர்ந்து ஊர்ந்து போய், பச்சை விழுந்தாப்பிறகும் அசையாமல் நிண்டு, உங்கட வாயால கெட்ட வார்த்தை வரப்பண்ணின அந்த வெள்ளைக் கார் என்ரதுதான். நீங்க ஏசினது எனக்குக் கேட்டது. நானும் உங்களோட சேர்ந்து ஏசிக்கொண்டுதான் இருந்தனான், வாய்க்குள்ள. எனக்குப் பிறவியிலயே ஒரு இடத்தில பேசாமல் இருக்க வராது. காலில சில்லுப் பூட்டினவள் எண்டு அம்மா சொல்லுவா. அப்பிடிப்பட்டவளைக் கடவுள் கொண்டுவந்து, நாள் முழுக்க அசையாமல் இருக்க வேண்டிய சீட்டில இருத்தியிருக்கிறார்.

கட்டிலிலயும் பிரேக்

இந்தத் தொழிலுக்கு வந்த நாள் தொடக்கம் என்ர வலது கால் எனக்குச் சொந்தமில்லை. பஸ்ஸில போனாலும் அது அமத்தும், ஓட்டோவில போனாலும் அமத்தும். ஒருக்கா பஸ்ஸில முன்னால நிண்ட மனிசியின்ர செருப்பை மிதிச்சு வாரை அறுத்துப்போட்டன். அந்த மனிசி கொச்சிக்கடையில இறங்கும் மட்டும் என்னை முறைச்சுக்கொண்டு வந்தா. பூசையில சுவாமி பிரசங்கத்தை முடிக்கிற மாதிரிப் போய், முடிக்காமல் திரும்பவும் தொடங்குவாரெல்லோ, அப்பவும் என்ர கால் தன்ர பாட்டில கீழ அமத்துது. பக்கத்தில இருக்கிற ஆக்கள் என்ன நினைப்பினமோ எண்டு நான் சீலையை இழுத்து மூடுறன்.

என்ர அவர் அன்ரன் துறைமுகத்தில ஸ்டோர்ஸில வேலை, சாந்தமான மனிசன். நான் ஏசினாலும் சிரிப்பார், ஏசாட்டில் என்ன வருத்தமோ எண்டு கேப்பார். ஒருநாள் விடியக்காலமை எழும்பிப் பாத்தால் ஆள் நிலத்தில இருந்து முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார். கனவில எனக்கு முன்னால ஒரு லொறி வந்தது, அதுதான் நடந்தது. கட்டிலில இருந்து விழுற அளவுக்கு ஓரத்தில படுத்தது உங்கட பிழை எண்டு நான் நித்திரைக் கலக்கத்தில பாய்ஞ்சன். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "ஓரமாய்ப் பார்க் பண்ணியிருந்த என்னை வந்து இடிச்சுப்போட்டு, பிழையும் என்னிலயோ?"

பச்சை திரும்ப வரும்

பலீல் நானாவுக்குப் புறக்கோட்டையில புடைவைக் கடை. டிரைவர் கட்டாருக்குப் போயிட்டான், இனித் தானே ஓடுறது எண்டு முடிவெடுத்து எங்களிட்ட வந்தவர். கிளச்சை விடச் சொன்னால் கதையை விடுவார். கியரை மாத்தச் சொன்னால் கதையை மாத்துவார். ஆனால் தங்கமான ஆள், ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு பக்கெட் பேரீச்சம்பழம் வரும்.

பள்ளிக்கூடம் விடுற நேரத்தில காலி வீதியில மாட்டினால் எனக்கு விசர் வரும். அண்டைக்கு வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட மாட்டிக்கொண்டம். ரெண்டு பக்கத்து நகைக்கடைப் பேரெல்லாம் வாசிச்சு முடிச்சிட்டன். முன்னால இருந்த பஸ்ஸின்ர பின்கண்ணாடியில என்ன எழுதியிருக்கெண்டு பாடமாக்கியிட்டன். டாஷ்போர்ட் பெட்டியைத் திறந்தன், மூடினன், திரும்பத் திறந்தன். இறங்கி நடந்தால் இந்நேரம் பம்பலப்பிட்டி போயிருப்பன் எண்டு மனம் கிடந்து துடிக்குது. நானா என்னண்டால் கண்ணாடியை இறக்கிப்போட்டு, பக்கத்து வானில இருந்த அம்மாவோட கதை. அந்த அம்மாவின்ர மகளுக்குக் கலியாணமாம். கூறைச் சேலையைத் தவிர மற்றச் சேலை ஒண்டும் எடுக்கேல்லையாம். நானா போனைத் திறந்து படம் காட்டுறார், நிறம் சொல்லுறார், விலையில விட்டுக்குடுக்கிறார்.

பச்சை விழுந்தது. நாங்கள் அசையேல்ல, வானும் அசையேல்ல. எனக்குப் பின்னால தெஹிவளை மட்டும் நிண்ட வாகனம் எல்லாம் ஒரே நேரத்தில ஹோர்ன் அடிச்சுது. "நானா! பச்சை! எடுங்கோ!" எண்டு நான் குழறுறன். நானா ஒரு கையால என்னைப் பொறுக்கச் சொல்லிக் காட்டிப்போட்டு, திரும்பாமலே சொன்னார்: "கொஞ்சம் ஈங்க மிஸ். பச்சை திரும்ப வரும், இந்தம்மா திரும்ப வரமாட்டா."

வாயால கார் ஓடுறவ

அந்த மாசம்தான் சிவமலர் அக்கா வந்தவ. அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. எங்கட லேனர்ஸுக்குப் பின் ஒழுங்கையில ஒரு பிளாட்டில வீடு. வாற ஆக்கள் எல்லாரும் முதல்ல கேக்கிறது "எனக்கு வருமா மிஸ்?" எண்டு. இவ கேட்டது "லைசன்ஸ் ட்ரயலுக்கு எவ்வளவு கெதியாப் போகலாம்?" எண்டு. வெளிநாட்டுக்குப் போறாவாக்கும் எண்டு நினைச்சன்.

ரெண்டு மூண்டு நாளிலயே எனக்குத் தலை சுத்தத் தொடங்கியிட்டுது. றோட்டைப் பாக்கிறதில அவவை மிஞ்ச ஆளில்லை. நான் காணுறதுக்கு முதல் அவ காணுவா, கண்டதை வாய்விட்டுச் சொல்லுவா. "முன்னால ஓட்டோ நிக்குது. இடதில சைக்கிள் ஒண்டு வருது. அந்த மனிசன் கடக்கப் போறார், பாத்து. கலர்லைட் சிவப்பு. நிப்பாட்டுங்கோ." அவ்வளவும் சரி. ஆனால் கார் நிக்காது! "நிப்பாட்டுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு, நிப்பாட்டியாச்சு எண்ட நிம்மதியோட அவ இருப்பா. நான்தான் என்ர பிரேக்கில ஏறி நிக்கிறது. ஒருநாள் பாண் விக்கிற ஓட்டோ ஒண்டின்ர பின்பக்கத்துக்கு ஒரு சாண் இடைவெளியில நிண்டம். பாண்காரன் இறங்கி வந்து, ஏதும் வேணுமோ எண்டு சிங்களத்தில கேட்டான், பாவம்.

எனக்குக் கோபம் வந்திட்டுது. "என்னக்கா இது? ஆருக்குச் சொல்லுறீங்க நிப்பாட்டுங்கோ எண்டு? ஓடுறது நீங்களெல்லோ?" எண்டு கேட்டன். அவ குனிஞ்சு தன்ர காலைப் பாத்தா. பிறகு சொன்னா: "ஓம் மிஸ், தெரியும். சொன்ன உடன, அமத்துற கால் வேற ஆற்றையோ எண்டு நினைப்பு வந்திடுது."

டொக்டர் சொன்னதும் அவர் செய்ததும்

மரைன் டிரைவில காரை ஓரங்கட்டிப்போட்டு பிளேன்டீ குடிக்கிறது எங்கட வழக்கம். அண்டைக்கு அவ தேத்தண்ணியைக் கையில வைச்சுக்கொண்டு குடியாமல் இருந்தா. கரையோரத் தண்டவாளத்தில கோச்சி ஒண்டு போய் முடிஞ்சாப்பிறகு, ஆருக்கும் சொல்லவேண்டாம் மிஸ் எண்டு தொடங்கினா.

அவவின்ர அவர் ஞானசேகரம், கவர்மெண்டில என்ஜினியராய் இருந்து பென்சன் எடுத்தவர். கண்ணில குளுக்கோமா. பக்கப் பார்வை எல்லாம் போயிட்டுது. நடுவில மட்டும் ஒரு குழாய்க்குள்ளால பாக்கிற அளவுக்குத் தெரியும், அதுவும் வெளிச்சம் நல்லாய் இருந்தால்தான். எண்டாலும் மனிசன் காரை விடேல்ல. இவ பக்கத்துச் சீட்டில இருந்து றோட்டைச் சொல்ல, அவர் ஓடுவார். சிவப்பு எண்டால் நிப்பாட்டுவார், பச்சை எண்டால் எடுப்பார், இடதில சைக்கிள் எண்டால் வலதுக்கு வெட்டுவார். கோயில், வங்கி, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் இப்பிடித்தான் ரெண்டு மூண்டு வருசமாய்ப் போய் வந்திருக்கினம். பிளாட்டில ஒருத்தருக்கும் தெரியாது. லண்டனில இருக்கிற மகளுக்கும் தெரியாது. "அங்கிள் இந்த வயதிலயும் என்ன வடிவாய் ஓடுறார்" எண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளையள் சொல்லுமாம்.

என்ர தேத்தண்ணி மடியில ஊத்துப்பட்டுது. இந்த றோட்டில, எனக்கு முன்னாலயும் பின்னாலயும், கண் தெரியாத ஒராள் கார் ஓடிக்கொண்டு திரிஞ்சிருக்கிறார்! "டொக்டர் ஒண்டும் சொல்லேல்லையோ?" எண்டு கத்தினன். அவ சொன்னா: "சொன்னவர் மிஸ், இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது எண்டு. சரி டொக்டர் எண்டு சொல்லிப்போட்டு, அங்கயிருந்து வீட்டை இவர்தான் ஓடிக்கொண்டு வந்தவர்."

வாய் திறக்காத நாள்

இப்ப அவசரம் என்னவெண்டு சொல்லுறன். மகள் தர்சினி கைக்குழந்தையோட லண்டனில இருந்து வாறா. முதல் பேரன். கட்டுநாயக்கா எயார்போர்ட்டுக்குத் தானே காரில போய்க் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு மகளுக்குப் போனில வாக்குக் குடுத்திட்டார் ஞானசேகரம் ஐயா. வான் பிடிப்பம் எண்டு இவ சொன்னதுக்கு, என்ர பேரன் முதல் முதல் ஏறுறது என்ர காராய் இருக்கவேணும் எண்டு நிண்டிட்டாராம். அதுக்குள்ள இவ லைசன்ஸ் எடுத்தாகவேணும். இல்லாட்டில் அந்தப் பச்சைக் குழந்தையைப் பின்சீட்டில வைச்சுக்கொண்டு, இவவின்ர வாயை நம்பித்தான் கார் வரும்.

எனக்கு உடம்பெல்லாம் பத்தியெரிஞ்சது. கோபம் வந்தால் எனக்கு வயது வித்தியாசம் தெரியாது. "அவருக்குத்தான் கண் இல்லை, உங்களுக்குப் புத்தியுமா இல்லை? நீங்க சொல்லுறபடியால்தானே அவர் ஓடுறார்? சொல்லாமல் விடுங்கோ, தானாய் நிப்பாட்டுவார்!" எண்டு குழறினன். றோட்டால போன ஆக்கள் திரும்பிப் பாத்திச்சினம். இவ என்னில கோவிக்கேல்ல. தானும் அப்பிடித்தான் நினைச்சதாம். ஒருநாள் பொரளைக்குப் போகேக்க வேணுமெண்டே வாயை மூடிக்கொண்டு இருந்தவவாம். பயந்து ஓரத்தில நிப்பாட்டுவார், அதோட இந்தக் கூத்து முடியும் எண்டு நினைச்சிருக்கிறா. அவர் நிப்பாட்டேல்ல. அதே வேகத்தில போனார். இவ பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தா. முன்னால மஞ்சள் கடவையில ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இறங்கியிட்டுது, வெள்ளைச் சட்டை, ரெட்டைப் பின்னல். இவ ஐயோ எண்டு கத்த, அவர் அமத்த, அந்தப் பிள்ளையின்ர புத்தகப் பையில கார் முட்டி நிண்டுது.

பிள்ளை ஓடியிட்டுது. ஒண்டும் நடக்கேல்ல. மன்னிப்புக் கேக்கப்போறார், இனி ஓடமாட்டன் எண்டு சொல்லப்போறார் எண்டு இவ பாத்துக்கொண்டிருந்தாவாம். "அவர் என்னைத் திரும்பிப் பாத்து ஏசினவர் மிஸ். 'ஏன் பிந்திச் சொன்னனீ?' எண்டு."

தோடம்பழ இனிப்பு

சரி, இந்த வாயை எப்பிடி நிப்பாட்டுறது? முதல்ல ஒரு வைத்தியம் செய்து பாத்தன். காரில ஏறினவுடன அவவின்ர வாயில ஒரு தோடம்பழ இனிப்பைப் போட்டு, இது கரையும் மட்டும் கதைக்கக்கூடாது எண்டன். படுதோல்வி! வாய் நிண்டவுடன கண்ணும் நிண்டுட்டுது. கலர்லைட்டே தெரியாமல், சந்தைக்கு முன்னால நட்ட நடு றோட்டில கார் ஓஃப். ஹோர்ன் சத்தத்தில அவ அந்த இனிப்பை விழுங்கியும் போட்டா.

வீட்டை போய் அன்ரனிட்ட சொன்னன். அவர் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு, அவவின்ர வாயில பிழையில்லை, உன்ர காலிலதான் பிழை எண்டார். முதல்ல எனக்குச் சுள்ளெண்டு ஏறினது. பிறகு படுத்துக்கிடந்து யோசிச்சால், மனிசன் சொன்னது சரிதான். அவ சொல்லுறா, நான் அமத்துறன். அவையின்ர காரில ஐயா, இஞ்ச நான். அவ தன்ர காலைத் தேடவேண்டிய தேவையே வரேல்ல.

அடுத்த ஞாயிறு விடிய, மரைன் டிரைவில சனம் குறைஞ்ச நேரமாய்ப் பாத்துக் காரை எடுப்பிச்சன். கொஞ்சத் தூரம் போனவுடன, செருப்பைக் கழட்டிப்போட்டு, ரெண்டு காலையும் சீட்டில தூக்கி வைச்சுச் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்திட்டன். அவ கண்டிட்டுக் குழறினா. "ஐயோ மிஸ், காலைக் கீழ விடுங்கோ!" "விடமாட்டன். இந்தக் காரில இப்ப ஒரேயொராளுக்குத்தான் கால் இருக்கு, அது நீங்கள்." சொல்லிப்போட்டன், ஆனால் என்ர பாடு எனக்குத்தான் தெரியும். ரெண்டு கையாலயும் முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன், கால் கையை உதறிக்கொண்டு கீழ பாயப் பாக்குது. முன்னால ஒரு றோட்டு நாய், கடற்கரைப் பக்கமிருந்து ஆறுதலாய் வந்து நடுவில நிண்டு காதைச் சொறியுது. "நாய் மிஸ். நாய் நிக்குது. நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டுங்கோ!" நான் கண்ணை மூடியிட்டன். அந்தோனியாரே எண்டன்.

கார் நிண்டுது. கண்ணைத் திறந்தால் நாய் அதே இடத்தில, அடுத்த காதைச் சொறிஞ்சுகொண்டிருக்கு. அக்கா ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி, பள்ளிக்கூடத்தில பரிசு கிடைச்ச பிள்ளை மாதிரி என்னைப் பாத்தா: "மிஸ், நான் சொன்னதை நானே கேட்டிட்டன்!"

காலோட கதைச்சவ

ட்ரயலுக்கு அக்காவையும் பலீல் நானாவையும் ஒரே நாளில கொண்டுபோனன். ஒராள் ஓட, மற்றவர் பின்சீட்டில தன்ர முறைக்குக் காத்திருக்கிறது அங்கத்தை முறை. பழக்கின ஆளுக்குக் காரில இடமில்லை, வெளிய நிண்டு சாகவேண்டியதுதான். நிக்க எனக்கு வருமோ? மதிலோரமாய் அங்கயும் இங்கயும் நடந்தன். தேத்தண்ணிக் கடைக்காரன் நான் கேக்காமலே ஊத்தித் தரத் தொடங்கியிட்டான். பெயில் விட்டால் திரும்ப நாள் எடுக்கவேணும், அதுக்குள்ள பிளேன் வந்திடும். காலமை கோயிலுக்குப் போகாமல் வந்ததை நினைச்சு என்னையே நொந்துகொண்டன்.

கார் திரும்பி வந்தது. அக்கா இறங்கினவுடன என்ர கையைப் பிடிச்சா. பாஸ். நடந்ததை முழுக்கச் சொன்னது நானாதான். காரை எடுத்த நேரம் தொடக்கம் அக்கா முணுமுணுத்துக்கொண்டே ஓடியிருக்கிறா. பரீட்சை எடுக்கிற சேர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துப்போட்டு, "காத் எக்கத கதா கரன்னே?" எண்டு கேட்டிருக்கிறார், ஆரோட கதைக்கிறீங்க எண்டு. அக்கா றோட்டில இருந்து கண்ணை எடுக்காமல், தனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில, என்ர காலோட சேர் எண்டாவாம். அந்த மனிசன் சிரிச்சுப்போட்டு ஒப்பம் வைச்சிட்டுது.

அது சரி, உங்கட பாடு என்ன நானா எண்டு கேட்டன். நானா தொப்பியைக் கழட்டித் தலையைத் துடைச்சார். "அவ காலோட கதெச்சா, பாஸ். நான் சேரோட கதெச்சேன், பெயில். இது என்ன நியாயம் மிஸ்?"

கட்டுநாயக்காவுக்குப் போற காலமை

அக்கா லைசன்ஸைக் கொண்டுபோய் மேசையில வைச்சிருக்கிறா. ஐயா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுத் துண்டு துண்டாய் வாசிச்சுப்போட்டு, நல்லது, எனக்கு ஏலாத நாளில உதவும் எண்டு சொன்னவராம். அவ்வளவுதான். கட்டுநாயக்காவுக்குப் போட சேட்டும் மினுக்கி வைச்சாச்சு. அக்கா எனக்குப் போன் எடுத்து அழுதா. அழவேண்டாம், நான் வாறன், என்னைப் போற வழியில ஒருகொடவத்தையில இறக்கி விடுங்கோ எண்டன். வந்து என்ன செய்யப்போறன் எண்டு எனக்கே தெரியாது. வீட்டில இருந்தால் இன்னும் மோசமாய் இருக்கும், அதுதான் போனன்.

அவையின்ர பிளாட்டில பார்க்கிங் கீழ்த்தளத்தில. ஒரு கார் நிக்கிற இடத்தில ரெண்டு கார், ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. முன்கார் வெளியில போகவேணுமெண்டால் பின்காரை நகத்தவேணும், அதுக்காக எல்லா வீட்டுக் கார்த் திறப்பும் காவலுக்கு இருக்கிற வொச்சரின்ர அறையில ஆணியில தொங்கும். ஐயாவிட்ட இன்னொரு திறப்பு, அது எப்பவும் பொக்கெட்டில. அக்கா அவர் முகம் சவரம் செய்யிற நேரமாய்ப் பாத்துக் கீழ வந்து, வொச்சரிட்டத் திறப்பை வாங்கி, காரைத் திறந்து, வலப்பக்கச் சீட்டில ஏறி இருந்திட்டா. நான் பின்னால.

லிஃப்ட் திறந்தது. வெள்ளைச் சேட், பளபளக்கிற சப்பாத்து, பௌடர் பூசின முகம். பேரனைப் பாக்கப்போற சந்தோசம் அந்த நடையில தெரிஞ்சது. தூண்களைக் கையால தொட்டுத் தொட்டு வந்து, வலப்பக்கக் கதவைத் திறந்து, பழக்கத்தில குனிஞ்சு, உள்ளுக்கு வந்து இருந்தார். சீட்டில இல்லை. அக்காவின்ர மடியில. அந்தக் கீழ்த்தள இருட்டில, ஒரு முழத் தூரத்தில, தன்ர மனிசி அங்க இருக்கிறது அவருக்குத் தெரியேல்ல.

வொச்சர் மற்றப் பக்கம் திரும்பியிட்டான். அக்கா கத்தேல்ல, தள்ளேல்ல. "நான் இருக்கிறன் அப்பா" எண்டா, அவ்வளவு மெதுவாய். அவர் எழும்பினார். கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். என்ர வாழ்நாளில நான் எத்தினையோ சிவப்பு லைட்டில நிண்டிருக்கிறன், இவ்வளவு நேரம் ஒண்டிலயும் நிண்டதில்லை. பிறகு அவர் கதவை மெல்லச் சாத்தினார். பொனட்டில கையை வைச்சுக்கொண்டு முன்பக்கத்தால சுத்தி வந்து, இடப்பக்கக் கதவைத் தடவித் திறந்து, ஏறி இருந்தார். பொக்கெட்டில இருந்த திறப்பை எடுத்து டாஷ்போர்ட்டில வைச்சார்.

அக்கா ஓடினா. காலி வீதி, கோட்டை, துறைமுகம், கொச்சிக்கடை. ஒரு பிழை இல்லை. ஆனால் வாயே திறக்கேல்ல. சொன்னால் அவருக்கு நோகும் எண்டு நினைச்சிருக்கிறா. உதடு மட்டும் சத்தமில்லாமல் அசையுது, பின்னால இருந்து கண்ணாடியில நான் காணுறன். ஐயா முழங்காலில ரெண்டு கையையும் வைச்சுக்கொண்டு நேராய்ப் பாத்தபடி இருக்கிறார். பஸ் ஹோர்ன் கேக்கிற பக்கம் எல்லாம் தலையைத் திருப்புறார், என்ன போகுதெண்டு விளங்காமல். ஒருகொடவத்தையில கொண்டெய்னர் லொறியள் ரெண்டு பக்கமும் உறுமிக்கொண்டு நிக்க, என்னை இறக்கிறதுக்கு ஓரமாய் நிப்பாட்டினா. நான் கதவில கை வைச்ச நேரம் ஐயா வாய் திறந்தார்: "இனி எனக்குச் சொல்லத் தேவையில்லைத்தான், மலர். எண்டாலும் சொல்லு. நீ சொல்லாட்டில் எனக்கு றோட்டே இல்லை."

பேரன் நித்திரை குழம்பாமல் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்திட்டான் எண்டு மத்தியானம் போன் வந்தாப்பிறகுதான் யோசிச்சன், ஆக்களுக்குக் கார் ஓடப் பழக்க இந்தக் கொழும்பில ஒழுங்கைக்கு ஒரு லேனர்ஸ் கிடக்கு, பக்கத்துச் சீட்டில இருக்கப் பழக்கத்தான் ஒருத்தரும் இன்னும் ஒண்டு திறக்கேல்ல, திறந்தால் முதல் ஆளாய்ப் போய்ச் சேருறது நான்தான்.